மலைநாட்டில் ஒரு சிறு நூதனசாலையை எல்லோருக்கும் திறந்து வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பழைய லயன் (தொழிலாளர் வரிசை வீடு) ஒன்றைச் சுத்தம் செய்து, கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி (தேயிலைச் செடி வெட்டும் கத்தி), கம்பளி, தப்பு மேளம், பழைய செக்ரோல் தாள் (வேலைக்கு வந்தவர் பேர் பதியும் தாள்) என்று சேர்த்து வைத்து நூதனசாலை ஆக்கி, மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் வந்து பார்க்கும்படி செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடசாலையில் ஓர் அறை, கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கூடம், மூடிக் கிடக்கும் தேயிலை ஸ்டோர் (தொழிற்சாலை) என்று எந்த இடமாக இருந்தாலும் வேலையின் வரிசை இதேதான்.

மூன்று தோட்டங்களில் இந்த வேலையில் கூடவே நின்றிருக்கிறேன். மூன்றிலும் முதலில் சாய்தளத்தை (படிக்குப் பதிலான சரிவுப் பாதையை) கட்டினோம், மூன்றிலும் அதை உடைத்துத் திரும்பக் கட்ட வேண்டி வந்தது. சாய்தளம் நான்காவது வேலை. அதற்கு முன் செய்ய வேண்டிய மூன்றையும் செய்யாமல் சீமெந்து குழைத்தால் காசுதான் போகும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளி என்றதும் சக்கர நாற்காலி மட்டும் நினைவுக்கு வந்தால் பாதிப் பேரை விட்டுவிடுவோம். முப்பது வருடம் மலையேறி முழங்கால் போன பாட்டிமார் இருக்கிறார்கள். ஸ்டோரில் கொழுந்து சுருட்டும் ரோலர் சத்தத்தில் நின்று காது மந்தமான தாத்தாமார் இருக்கிறார்கள். கண்ணில் புரை விழுந்தவர்கள் லயனுக்கு ஒருவராவது உண்டு. அவர்களுடைய வாழ்க்கையைத்தான் நாம் உள்ளே அடுக்கி வைத்திருக்கிறோம். அவர்களே உள்ளே வர முடியாமல் வெளியே நிற்கக் கூடாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஓர் அளவு நாடா, ஒரு நீர்மட்டம், ஒரு கொப்பி. ஒரு நாளைக்காவது இரவல் கிடைக்கும் சக்கர நாற்காலி ஒன்று. பிரதேச செயலகத்தில் இருக்கும் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேட்டால், உங்கள் பகுதியில் யாரிடம் இருக்கிறது என்று சொல்வார். அங்கேயே மாற்றுத்திறனாளிகள் சங்கம் இருக்கிறதா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

லயனும் நிலமும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்தால், சுவரைத் தொடுவதற்கு முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்மொழியாகத் துரை (தோட்ட முகாமையாளர்) சரி என்றாலும், துரை மாறினால் அந்தச் சரியும் போய்விடும்.

கடிதத்தில் இரண்டு வரி சேர்த்தால் பலம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் போய்வர வசதி செய்ய வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 30ஆவது உறுப்புரை நூதனசாலைகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தயவு கேட்கும் தொனியில் கடிதம் எழுதத் தேவையில்லை.

1. முதலில் ஆட்களைக் கூப்பிடுங்கள்

எதையும் கட்டுவதற்கு முன் ஐந்தாறு பேரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள். நடக்கச் சிரமப்படும் ஒருவர், சக்கர நாற்காலியில் வரும் ஒருவர், பார்வையில்லாத ஒருவர், காது கேளாத ஒருவர், ஓய்வு பெற்ற கொழுந்துக்காரர் ஒருவர். மனவளர்ச்சி குன்றிய பிள்ளையை வளர்க்கும் தாய் ஒருவரும் வந்தால் நல்லது, பிள்ளையோடு.

காரணம் எளிது. நாம் நினைக்கும் தடையும் அவர்கள் படும் தடையும் பெரும்பாலும் வேறு வேறு. நாங்கள் வாசற்படியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். வந்தவர்கள் மலசலகூடம் எங்கே என்று கேட்டார்கள்.

ஒரு தோட்டத்தில் ஒரு பாட்டியைக் கூட்டி வந்திருந்தோம். இஸ்தோப்புப் (முன் திண்ணை) படி ஏற முடியவில்லை, வெளியே கல்லில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே இருந்த கூடையை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தோம். கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். தலையில் மாட்டும் இடத்தைத் தடவினார். "இந்தக் கயித்துல கூடை முதுகுல நிக்காதுப்பா, இடுப்புக்குக் கீழ எறங்கிரும். யாரு கட்டினது?" என்றார். கட்டியது நாங்கள்தான். கயிறு ஒரு சாண் கூடுதலாக நீண்டிருந்தது. அங்கேயே அவிழ்த்து, முடிச்சை மாற்றிக் கட்டிக் கொடுத்தார். ஆறு மாதமாக எத்தனையோ பேர் வந்து பார்த்துப்போன கூடை அது. ஒருவரும் சொல்லவில்லை.

அதனால்தான் இது முதல் படி. வருகிறவர்களுக்கு வழி மட்டுமா திறக்கிறோம், நம்முடைய பிழையும் திருந்துகிறது.

வருகிறவர்களுக்குப் போக்குவரத்துச் செலவும் அந்த நாளுக்குரிய கூலியும் கொடுங்கள். அன்றைய பேர் போடாமல் (வேலைக்குப் போகாமல்) வருகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம். சாப்பாட்டோடு முடித்துவிடுவது நியாயமில்லை.

2. பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடந்து பாருங்கள்

நூதனசாலை வாசலில் தொடங்குவதில்லை, பஸ் நிற்கும் சந்தியில் தொடங்குகிறது. அங்கிருந்து வாசல் வரை அந்த ஆட்களோடு நடந்து, ஒவ்வொரு தடையையும் கொப்பியில் எழுதுங்கள்: எத்தனை படி, ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம், எங்கே கான் (வடிகால்) குறுக்கே போகிறது, எங்கே கைப்பிடி இல்லை, எங்கே மழைத்தண்ணீர் ஓடுகிறது.

மலைநாட்டில் இந்தப் பாதை முழுவதையும் சமப்படுத்த எந்தக் குழுவாலும் முடியாது. முடியாததோடு மல்லுக்கட்டாமல், ஆட்டோ எவ்வளவு கிட்ட வரும் என்று பாருங்கள். வாசலுக்கு அருகே ஆட்டோ நிற்கச் சமமான ஓர் இடம், அதற்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியை விரித்து வைக்க ஐந்தடி அகலம். இது இருந்தால் கீழேயுள்ள இரண்டு கிலோமீட்டர் பாதையைப் பற்றிய கவலை பாதி தீரும்.

சரிவான இடத்தில் ஆட்டோவிலிருந்து இறங்கினால் நாற்காலி உருளும், ஊன்றுகோல் வழுக்கும். அதனால் அந்தச் சின்னத் துண்டு நிலத்தைச் சமமாக்குவதில் காசு செலவழிக்கலாம். சந்தியில் நிற்கும் இரண்டு ஆட்டோக்காரர்களோடு முன்கூட்டியே பேசி, கூலியை நிர்ணயித்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. மலசலகூடம்

இது சாய்தளத்துக்கு முன்னால் வருவது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பயன்படுத்தக்கூடிய மலசலகூடம் இல்லாத இடத்துக்கு வருகிறவர் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார், அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவார். பெண்கள் வரவே மாட்டார்கள். என்ன காட்சி வைத்தும் பயனில்லை.

லயன்களில் மலசலகூடம் பெரும்பாலும் பின்பக்கம், பத்துப் பதினைந்து படி இறங்கி இருக்கும். அதைத் திருத்துவதைவிட, நூதனசாலைத் தரைமட்டத்திலேயே ஒரு மூலையில் புதிதாக ஒன்று கட்டுவதுதான் நல்லது. உள்ளே ஐந்தடிக்கு ஐந்தடி வெற்றிடம் இருந்தால் நாற்காலி திரும்பும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவை அவரே அடைத்துக்கொண்டு கிடப்பார், யாராலும் திறக்க முடியாது.

உட்காரும் கொமட் 18 அங்குல உயரம். பக்கச் சுவரில் கைப்பிடிக் குழாய். அதைத் துவாயைத் தொங்கவிடும் கம்பிபோல மெல்லியதாகப் போட்டுவிடாதீர்கள், ஓர் ஆள் முழுப் பாரத்தையும் அதில் போட்டுத்தான் எழும்புவார். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றித் திறக்கும் பிடியாக இல்லாமல், தள்ளினால் திறக்கும் பிடியாகப் போடுங்கள். விரல் மடங்காதவர்களுக்கும் அது ஆகும். தண்ணீர் வாளியும் கோப்பையும் கை எட்டும் உயரத்தில் ஒரு கட்டையில் இருக்கட்டும்.

4. சாய்தளம்

இப்போது சாய்தளத்துக்கு வரலாம்.

மேசன் பாஸிடம் (கொத்தனாரிடம்) சொல்ல வேண்டிய கணக்கு ஒன்றுதான்: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். பல நாடுகளில் ஏற்றுக்கொண்ட 1க்கு 12 என்ற சரிவு இது. வாசல் தரையிலிருந்து 6 அங்குலம் உயர்ந்திருந்தால் 6 அடி. 18 அங்குலம் என்றால் 18 அடி. இதைக் கேட்டதும் எல்லோரும் அவ்வளவு நீளமா என்பார்கள். இடமில்லை என்று 8 அடியில் முடித்துவிடச் சொல்வார்கள். நாங்கள் முதல் தோட்டத்தில் அப்படித்தான் செய்தோம். நாற்காலியில் வந்தவரை இரண்டு பேர் பிடித்துத் தூக்கித் தள்ள வேண்டியிருந்தது. இறங்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகம் இன்னும் மனதில் இருக்கிறது.

லயனுக்கு முன்னால் கான் ஓடுவதால் நேரே நீட்ட இடம் இருக்காது. ஆனால் லயன் நீளமான கட்டடம். சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் போனால் 18 அடி தாராளமாகக் கிடைக்கும். பாதி வழியில் திரும்ப வேண்டுமென்றால், திரும்பும் இடத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விடுங்கள். அடியிலும் உச்சியிலும் அதே அளவு சமதளம் வேண்டும். வாசல் முன்னால் சமதளம் இல்லாவிட்டால், ஒரு கையால் கதவைத் திறக்கும்போது மறு கையால் நாற்காலியைச் சரிவில் பிடித்து நிறுத்த வேண்டும். அதை யாராலும் செய்ய முடியாது.

அகலம் 4 அடி. இரண்டு பக்கமும் கைப்பிடி, ஏறத்தாழ 3 அடி உயரத்தில். இரண்டு பக்கமும் ஏன் என்று கேட்பார்கள். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவருக்கு ஏறும்போது ஒரு பக்கம் உதவும், இறங்கும்போது மறு பக்கம் வேண்டும். கைப்பிடி சரிவு தொடங்கும் இடத்தோடு நின்றுவிடாமல் இரு முனையிலும் ஓர் அடி நீண்டு போகட்டும். ஓரங்களில் 4 அங்குலக் கட்டு வையுங்கள், சக்கரமும் பிரம்பும் விளிம்பில் நழுவாது.

நம் ஊர் மழைக்கு மேற்பரப்புத்தான் மிகப் பெரிய பிரச்சினை. சீமெந்து காயும் முன் ஈர்க்குமாறால் குறுக்காகக் கோடு இழுங்கள். மேலிருந்து கீழாக இழுத்தால் தண்ணீர் ஓடும் வழியிலேயே காலும் வழுக்கும். மினுக்கும் டைல்ஸ் வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும். திறப்பு விழாவுக்காக டைல்ஸ் ஒட்டிய ஒரு சாய்தளத்தில் முதல் மழையிலேயே இரண்டு பேர் விழுந்தார்கள். முடிந்தால் மேலே தகரக் கூரை போடுங்கள். மழையில் குடையும் பிடித்து ஊன்றுகோலும் பிடிக்க மூன்றாவது கை வேண்டும்.

கானைக் கடக்கும் இடத்தில் இரும்புக் கம்பி மூடி போடுவதானால், கம்பிகள் ஆள் போகும் திசைக்குக் குறுக்காக, அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். நாற்காலியின் முன் சக்கரம் சின்னது. கம்பியோடு நீளவாக்கில் போனால் உள்ளே இறங்கிச் சிக்கும், ஆள் முன்னால் கவிழ்வார்.

கட்டுவதற்கு முன் ஒரு பரீட்சை. உரப்பைகளில் மண் நிரப்பி அடுக்கி, மேலே பலகை போட்டு, அதே நீளத்தில் தற்காலிகமாக ஒரு சாய்தளம் அமைத்துப் பாருங்கள். முதல் படியில் வந்தவர்களையே ஏறி இறங்கச் சொல்லுங்கள். இரண்டு பேராவது பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் சரி என்ற பிறகு மேசன் பாஸைக் கூப்பிடலாம்.

கடைசியாக ஒன்று. சாய்தளம் எல்லோரும் நுழையும் அதே வாசலுக்குப் போக வேண்டும். பின்பக்கக் குசினி வழியாகப் போகிற பாதை வந்தவரின் மனதைப் புண்படுத்தும். அப்படிக் கட்டிவிட்டுப் பிறகு வருந்தியவர்களை எனக்குத் தெரியும்.

5. வாசலும் அறையும்

சாதாரண சக்கர நாற்காலி 25 முதல் 28 அங்குல அகலம். கை விரல் கதவு நிலையில் இடிபடாமல் போக வாசலில் 32 அங்குலமாவது வெற்றிடம் வேண்டும். பல லயன் வாசல்கள் அதற்குக் குறைவு. நிலையைக் கழற்றிப் பெரிதாக்க அனுமதி கிடைத்தால் நல்லது.

பழைய லயன் அறையை அப்படியே காக்க வேண்டியிருந்தால் ஒரு வழி இருக்கிறது. வரிசையில் ஓர் அறையை மட்டும் தேர்ந்தெடுத்து அதன் வாசலைப் பெரிதாக்குங்கள், மற்றவற்றைத் தொடாமல் விடுங்கள். நாற்காலியில் வருபவரும் லயன் அறைக்குள் போய் அதன் இறுக்கத்தை உணர வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்குள் ஒரு குடும்பமே இருந்தது என்பதைப் படத்தில் பார்ப்பது வேறு, அந்தச் சுவர்களுக்குள் திரும்ப முயல்வது வேறு.

அதே அளவு அறைக்குள் நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும். எனவே பொருட்களை நடுவில் வைக்காதீர்கள். புதியவர்கள் செய்யும் பெரிய பிழை இது: கிடைத்ததையெல்லாம் வைத்து அறையை நிரப்புவது. பாதிப் பொருளை எடுத்துப் பெட்டியில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றிக் காட்டலாம்.

தேயிலை ஸ்டோரை நூதனசாலையாக்கினால் இன்னொரு சிக்கல். கொழுந்து வாட்டும் தட்டுகள் மேல்மாடியில்தான் இருக்கும், ஏணிபோன்ற படி. லிப்ட் போட முடியாவிட்டால் மேலே இருக்கும் கதையைக் கீழே கொண்டு வாருங்கள்: வாட்டும் தட்டில் ஒரு துண்டு, வாடிய கொழுந்து, மேலே எடுத்த வீடியோ. முக்கியமான பொருள் எதையும் மேல்மாடியில் மட்டும் வைக்காதீர்கள்.

6. உட்கார இடம்

குறைந்த செலவில் நிறையப் பேருக்கு உதவுவது இதுதான். ஆட்டோ நிற்கும் இடத்தில் ஒரு வாங்கு (பெஞ்ச்), இஸ்தோப்பில் ஒன்று, அறைக்குள் ஒன்று. 18 அங்குல உயரம், சாய முதுகுப் பலகை, இரு பக்கமும் கைதாங்கி. கைதாங்கி இல்லாத வாங்கில் உட்கார்ந்த பாட்டி எழும்ப யாராவது தூக்க வேண்டும். இருந்தால் தானே ஊன்றி எழும்புவார்.

7. எழுத்தும் வெளிச்சமும்

குறிப்புப் பலகைகளைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதுவோம். இடம் போதாமல் எழுத்தைச் சுருக்குவோம். தமிழ் எழுத்தில் சுழியும் வளைவும் அதிகம், அதே அளவு ஆங்கில எழுத்தைவிடச் சீக்கிரம் கலங்கிப்போகும். ண, ன இரண்டும் தூரத்திலிருந்து ஒன்றாகத் தெரியும். அதனால் தமிழ் எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கி, வரிகளுக்கு நடுவே இடம் விடுங்கள். சொற்களைக் குறையுங்கள். ஒரு பலகையில் ஐம்பது சொல் போதும்.

வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்து. பளபளக்கும் லெமினேட் வேண்டாம், வெளிச்சம் பட்டால் எழுத்தே மறையும். பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருந்தால் நிற்பவருக்கும் நாற்காலியில் இருப்பவருக்கும் படிக்கலாம். அதே வாசகத்தைப் பெரிய எழுத்தில், 18 புள்ளிக்குக் குறையாமல், ஒரு கோவையில் (ஃபைலில்) போட்டு வாசலில் வையுங்கள். கையில் எடுத்துக் கண்ணருகே கொண்டுபோய்ப் படிப்பார்கள்.

லயன் அறையில் ஜன்னல் சின்னது, சுவர் புகை படிந்தது. பின்னேரம் பனிமூட்டம் இறங்கினால் மூன்று மணிக்கே இருட்டு. ஒவ்வொரு பலகைக்கும் மேலிருந்து விளக்கு போடுங்கள். பார்ப்பவரின் முதுகுக்குப் பின்னால் போட்டால் அவர் நிழலே எழுத்தின் மேல் விழும். படிகளின் விளிம்பில் மஞ்சள் வண்ணம் இரண்டு அங்குலம். நேரம் குறைவு, காசு குறைவு, பயன் அதிகம்.

8. தொட்டுப் பார்க்கும் மேசை

பார்வையில்லாதவருக்குக் கண்ணாடிப் பெட்டி ஒரு சுவர். எனவே தொடக் கொடுப்பதற்கென்றே இரண்டாவது பிரதி சேர்த்து வையுங்கள். கூடை, இடுப்பில் கட்டும் படங்கு, மண் கிளறும் முள்ளு, சுரண்டி, கவ்வாத்துக் கத்தி, கம்பளி எல்லாம் தோட்டத்தில் இன்னும் கேட்டால் கிடைக்கும். கத்தியின் முனையை அரத்தால் மழுங்கடித்துவிடுங்கள்.

மேசை உயரம் 30 அங்குலம், கீழே நாற்காலி நுழைய முழங்கால் இடம். பொருட்களை எப்போதும் ஒரே வரிசையில், இடமிருந்து வலமாக வையுங்கள். நாளின் வேலை வரிசையில் வைத்தால் கதையும் கூட வரும்: காலையில் கட்டும் படங்கு, அப்புறம் கூடை, கொழுந்து, தராசு.

ஒருவரின் கையைப் பிடித்து இழுத்துப் பொருளின் மேல் வைக்காதீர்கள். "உங்கள் வலது பக்கம், ஒரு சாண் தூரத்தில் கூடை இருக்கிறது" என்று சொல்லுங்கள், அவரே கையை நீட்டுவார். உதவி கேட்டால் உங்கள் கையை நீட்டுங்கள், அவர் உங்கள் கையின் மேல் தன் கையை வைத்துக்கொள்வார். கையுறை கொடுத்தால் தொட்டதே தெரியாது. கை கழுவ வசதி செய்தால் போதும்.

முதலில் நாங்கள் பிளாஸ்டிக் கொழுந்து வைத்திருந்தோம். வெள்ளைப் பிரம்போடு வந்த ஒரு தம்பி அதைத் தடவிவிட்டு, "உண்மையான செடி இல்லையா அண்ணே?" என்று கேட்டார். அடுத்த முறை அவர் வந்தபோது ஒரு சட்டியில் தேயிலைச் செடி நின்றது. அடிக் கிளையிலிருந்து விரலை மெதுவாக மேலே நகர்த்தினார். முற்றிய இலையின் தடிப்பு, ஓரத்துப் பல், இளம் இலையின் மெல்லிசு. நுனியில் வந்ததும் விரல் நின்றது. மொட்டின் மேல் இருக்கும் பூனைமயிர் போன்ற மென்மையை அவர் கண்டுபிடித்துவிட்டார். நாங்கள் பிறந்ததிலிருந்து தேயிலைக்குள் இருக்கிறோம், அந்த மயிரை விரலால் உணர்ந்தது அன்றுதான்.

செடிக்குப் பக்கத்தில் மூன்று தகரம் வைத்தோம். ஒன்றில் துணிபோலத் துவண்ட வாடிய கொழுந்து, ஒன்றில் ரோலரில் சுருண்டது, ஒன்றில் காய்ந்த தூள். வாசனையும் ஒவ்வொன்றுக்கும் மாறும். முதல் இரண்டையும் தினமும் காலையில் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கண் தெரிகிறவர்களும் இந்த மேசையை விட்டு நகர்வதில்லை.

9. குரல் பதிவு

பிரெயில் (புள்ளிகளைத் தடவிப் படிக்கும் எழுத்து) பலகை வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பிள்ளைப் பராயத்திலேயே பார்வை இல்லாமல், அதற்கான பாடசாலைக்குப் போனவர்களுக்கு பிரெயில் வரும். நாற்பது வயதுக்கு மேல் பார்வை போனவர்களுக்குப் பெரும்பாலும் வராது. எனவே குரலை முதலில் செய்யுங்கள், பிரெயிலை அடுத்து. பிரெயில் செய்தால் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் சரிபார்க்காமல் ஒட்டாதீர்கள். தலைகீழாக ஒட்டியதையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு பொருளுக்கு ஒரு நிமிடம். முதலில் வடிவம், அளவு, எதனால் ஆனது. பிறகு எப்படிப் பயன்பட்டது. "இதோ பாருங்கள்", "இந்தப் பக்கம்" போன்ற சொற்கள் வேண்டாம். ஓய்வு பெற்ற தொழிலாளியின் குரலிலேயே, அவர் பேசும் தமிழிலேயே பதியுங்கள். எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் குரல் விறைத்துப்போகும். கேள்வி கேட்டு, பதிலைப் பதிந்து, வெட்டி எடுங்கள்.

இணையத்தை நம்பிச் செய்யாதீர்கள். மலை மடிப்பில் சிக்னல் இருக்காது. பழைய கைத்தொலைபேசி ஒன்றில் எல்லாப் பதிவையும் ஏற்றி, ஹெட்போனோடு வாசலில் வையுங்கள்.

10. காது கேளாதவர்களுக்கு

வழிகாட்டுபவர் பொருளைக் காட்டத் திரும்பிக்கொண்டே பேசுவார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்பவருக்கு அந்த வாக்கியம் போய்விட்டது. முதலில் காட்டுங்கள், பிறகு அவர் முகம் பார்த்துப் பேசுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டாகும், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நில்லுங்கள்.

எழுதிக் காட்டினால் போதும் என்பது பாதி உண்மை. தோட்டங்களில் காது கேளாத பலருக்குப் பாடசாலை வாய்ப்பே கிடைக்கவில்லை, எழுத்தும் தெரியாது. கொழுந்து பறிப்பதிலிருந்து தூளாவது வரை படவரிசை ஒன்று வையுங்கள். குழுவாக வரும்போது சைகை மொழிபெயர்ப்பாளரை இரண்டு வாரம் முன்பே ஏற்பாடு செய்து, அவருக்குரிய பணத்தையும் ஒதுக்குங்கள். வீடியோவில் மொழிபெயர்ப்பாளரைத் தபால் முத்திரை அளவில் மூலையில் போட்டால் கையசைவு தெரியாது.

11. சத்தம்

தப்பு அடித்துக் காட்டுவது நல்ல நிகழ்ச்சிதான். ஆனால் திடீரென்று அடித்தால் சில பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுவார்கள். ஒட்டிசம் உள்ள பிள்ளைக்கு அந்த ஒரு நிமிடத்தோடு வருகையே முடிந்துவிடும். அடிப்பதற்கு முன் சொல்லுங்கள், வெளியே போக விரும்புபவர்களுக்கு நேரம் கொடுங்கள். வாரத்தில் ஒரு காலை வேளையைச் சத்தமில்லாத நேரமாக வைக்கலாம். என்னென்ன பார்ப்போம் என்று பத்துப் படங்களில் ஒரு சின்னப் புத்தகம் செய்து தாய்மாருக்கு முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பிள்ளை பழகிக்கொண்டே வரும்.

12. வாசலில் நிற்பவர்களைப் பழக்குங்கள்

எல்லாம் கட்டி முடித்த பிறகு ஒரு சொல் அதைக் கெடுத்துவிடும். "இவர் என்ன பார்க்கப் போகிறார்?" என்று கூட வந்தவரிடம் கேட்பது அப்படிப்பட்ட சொல். வந்தவரிடமே நேராகப் பேசுங்கள்: "வாங்க அண்ணே", "வாங்கம்மா", மற்ற எல்லோரையும் அழைப்பதுபோல.

கேட்காமல் நாற்காலியைத் தள்ளக் கூடாது, அது அவருடைய காலைப் போல. சரிவில் இறக்கும்போது அவர் சம்மதித்தால் பின்பக்கமாக இறக்குங்கள், முன்னால் சரிய மாட்டார். பார்வையில்லாதவரைப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளாமல், உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள். படி வரும்போது ஏறுவதா இறங்குவதா என்று சொல்லுங்கள். உதவிக்குக் கூட வருபவரிடம் டிக்கெட் வாங்காதீர்கள்.

இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு பின்னேரம் போதும். முதல் படியில் வந்தவர்களே சொல்லிக் கொடுக்கட்டும், அதற்கும் கூலியோடு.

13. இருப்பதை இருப்பதுபோலச் சொல்லுங்கள்

சந்தியிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை படி, ஆட்டோ எதுவரை வரும், மலசலகூடம் எப்படி, எந்த அறைக்கு நாற்காலி போகாது. இதை எழுத்திலும் குரலிலும் வைத்து, விசாரிப்பவர்களுக்கு அனுப்புங்கள். "எல்லா வசதியும் உண்டு" என்று போட்டால், நம்பி ஹட்டனிலிருந்து பஸ் ஏறி வருகிறவர் மூன்று படிக்கு முன்னால் நின்று திரும்பிப் போவார். மறுபடி வர மாட்டார். "மூன்று படி இருக்கிறது, இரண்டு பேர் உதவிக்கு நிற்போம்" என்று உண்மையைச் சொன்னால் அவரே தீர்மானிப்பார்.

14. மழைக்குப் பிறகு திரும்பப் பாருங்கள்

மலையின் மேற்குப் பக்கத்துக்கு வைகாசியிலிருந்து பெருமழை. கிழக்கே ஊவாப் பக்கத்துக்கு ஐப்பசியிலிருந்து தை வரை. உங்கள் பக்கத்து மழை தொடங்கி ஒரு மாதத்தில் சாய்தளத்தில் பாசி பிடித்துவிடும். அதனால் பாசி தேய்ப்பது யார், என்ன கிழமையில் என்று பெயர் போட்டு எழுதி ஒட்டுங்கள். பொதுவாக விட்டால் யாரும் தேய்க்க மாட்டார்கள். கைப்பிடியின் ஆணி, கான் மூடி, ஹெட்போன், விளக்கு இவற்றையும் அதே நாளில் பாருங்கள்.

ஆறு மாதம் கழித்து அதே ஐந்தாறு பேரை மறுபடி கூப்பிடுங்கள். எங்கள் மூன்றாவது இடத்தில் அப்படிக் கூப்பிட்டபோது, சாய்தளத்தின் அடியில் தண்ணீர் தேங்குவதை நாற்காலியில் வந்தவர்தான் காட்டினார். அவருடைய சக்கரம் நனைந்து, கை நனைந்து, பிடி வழுக்கியிருக்கிறது. நாங்கள் செருப்போடு தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு முள்ளை எடுத்துக் கான் பக்கமாக ஒரு சின்ன வாய்க்கால் வெட்டினோம், கால் மணி நேர வேலை. கம்பி பிரஷையும் அன்றிலிருந்து வாசல் ஆணியிலேயே தொங்கவிட்டிருக்கிறோம், சனிக்கிழமை காலையில் முதலில் வருபவர் அதை எடுத்துத் தேய்க்கத் தொடங்குவார்.